வண்டி பார்த்துத் தீராத குளிர்காலம்

1

சாலைகளில் கருப்புப் பனி இருக்கலாம், பார்த்துப் போங்கள் என்று நேற்று காலை ரேடியோவில் சொன்னார்கள். தேநீர்க் கோப்பையோடு சன்னல் பக்கம் நின்றிருந்தேன். குடிக்காமலே ஆறிப்போயிற்று.

இந்த வாரத்தோடு ஒரு வருடம். கனடாவின் இந்த மூலையில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த எங்கள் பழைய கார் சறுக்கி, பம்பரம்போலச் சுழன்று, ஓரத்துத் தடுப்புக் கம்பியில் இடித்து நின்றது. காரில் நானும் என் மகள் அபியும் மட்டும். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

நாகர்கோவிலில் இதைப் படிக்கிறவர்களுக்குக் கருப்புப் பனி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அதற்கு நிறமே கிடையாது. தார் ரோட்டின் மேல் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல ஒரு படலம். தார் தெரியும், பனி தெரியாது. அதன்மேல் சக்கரம் ஏறியதும் ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது.

சுழல்வதற்குச் சற்று முன்னால் அபி ஒரு செய்தி சொல்லியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போக விண்ணப்பித்திருக்கிறாள். அங்கேயே விடுதியில் தங்கப்போகிறாள். வெளியே பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். முக்கியமான விஷயங்களை அவள் இப்போதெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி சுழன்றுவிட்டது. அந்தப் பேச்சை மாதக்கணக்கில் நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் வண்டி ஓட்டவில்லை. முடியவில்லை என்பதுதான் சரி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் உள்ளங்கை நனைந்துவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி கலாவிடம்கூட. கேட்டவர்களிடமெல்லாம் 'வண்டி பார்த்துக்கிட்டிருக்கேன்' என்றேன். பிள்ளையை ஏற்றுவதற்குப் பத்திரமான, பெரிய, நல்ல குடும்ப வண்டி ஒன்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்றேன். பொய் இல்லை அது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஓட்ட வேண்டியதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து வரிசையாகக் கேட்டாள். எலும்பு முறிவு உண்டா? இல்லை. கழுத்து வலி? இல்லை. வாகனத்தில் இருந்த மற்றவருக்கு? இல்லை. 'அப்படியானால் பாதிப்பு எதுவும் இல்லை' என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆமாம் என்றேன். கார் பழுது பார்க்க லாயக்கில்லை என்று தீர்மானித்து எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது பின்சீட்டில் கிடந்த அபியின் கம்பளித் தொப்பியை ஞாபகமாக எடுத்துத் தந்தார்கள்.

அன்றிலிருந்து என் வேலை தொடங்கியது. ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வந்ததும் கணினி முன்னால் உட்காருவேன். நடுத்தர அளவு சொகுசு எஸ்.யு.வி. என்று ஒரு வகை. அதில் மூன்று வண்டிகளை வடிகட்டி எடுத்தேன்: ஒன்று ஜெர்மன், ஒன்று ஜப்பான், ஒன்று அமெரிக்கா. ஜெர்மன் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் என்றார்கள்; ஆனால் விலை கூடிய பெட்ரோல்தான் குடிக்கும். ஜப்பான் வண்டி பழுதாகாது, திருப்பி விற்றாலும் நல்ல விலை கிடைக்கும். ஆனால் மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு சாக்கு அரிசி வைக்கக்கூட இடம் இருக்காது. அமெரிக்க வண்டியில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். ஆனால் எங்கள் கராஜுக்குள் அதன் மூக்கு மட்டும்தான் நுழையும்.

வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொம்மை மனிதன் முன்னால் போய்க் காற்றுப்பையில் முகம் புதைத்துத் திரும்பி வருவான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடியும் ஓடவிடுவேன்.

"நாலு சக்கரமும் இழுக்குத வண்டி வேணும், கலா. பனியில அதான் நல்லது."

கலா ஆஸ்பத்திரி நர்ஸ். சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். "நாலு சக்கரம் இழுத்தா வண்டி கிளம்பும். நிக்கதுக்கு டயருதான் வேணும். குளிர்கால டயரு நல்லதா போட்டா எந்த வண்டியும் நிக்கும். நீங்க என்னத்துக்கு இப்படி முழிச்சிக்கிட்டு கிடக்கியோ?"

"அவசரப்பட்டு எடுக்காண்டாம்னு பாக்கேன்."

"கல்யாணத்துக்கு என்னைய பாத்ததுக்கு இதுல பாதி நேரம்கூட எடுக்கலியே நீங்க!"

இதற்கிடையில் குடும்பம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கலா தன் சின்னக் காரில் ஷிஃப்டுக்குப் போய்வந்தாள். அபி பள்ளிக்கும் நூலகத்துக்கும் பஸ்ஸில் போனாள். கலாவின் காரில் ஏறினாலும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் பேசாமல் வருவாள். வயது அப்படி, பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அபியை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. இடம் கிடைப்பதே அந்த நேர்காணலைப் பொறுத்துத்தான்.

3

ஞாயிறுதோறும் என் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து கூப்பிடுவான். வடசேரியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் வண்டி என்பது ஒரு ஆள் வாங்குகிற சாமான் இல்லை. பேசி முடிவாக வேண்டிய காரியம்.

"ஏலே, வண்டி எடுத்தியா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன், அண்ணா."

"என்னத்தல பாக்க? எத்தன பேரு இருக்கலாம்?"

"ஏழு பேரு."

"கொள்ளாம், நல்லதுதான். நாங்க எல்லாம் வந்தா ஏழு போதுமாலே?"

அவர்கள் வருவதற்கு விசாகூடக் கேட்டதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. குமரி மாவட்டத்துக்காரனுக்கு வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வழியனுப்புதல். 2004-ல் நான் முதன்முதலாக மஸ்கட்டுக்குப் போனபோது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன் பிடித்தார்கள். போகிறவன் ஒருத்தன். ஏறினவர்கள் வேன் கொள்ளாமல். மார்த்தாண்டம் சந்திப்பில் வண்டி அசையாமல் நின்றபோது, விமானத்தை விட்டுவிடுவேனோ என்று நான் வியர்த்துக் கிடக்க, பின்சீட்டில் அத்தைமார் வாழைக்காய் வற்றலைப் பிரித்துப் பங்கு வைத்தார்கள். "இங்ஙன நிக்காம போன வண்டி உண்டாலே? பைய போவும்" என்றார் மாமா. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களால் வர முடியாது. ஆனாலும் வந்தார்கள். டாக்சி பிடித்துத் தனியாக விமான நிலையம் போகிறவனைப் பார்த்து எங்கள் ஊரில் 'இவனுக்கு யாரும் இல்லியா?' என்றுதான் கேட்பார்கள்.

மகள் முதல்முதலாக வெளியூர் போகிறாள். அவளை நான் கொண்டுபோக வேண்டும். அதுவே முறை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "பின்ன நீ கொண்டு போவாம யாரு கொண்டு போவா?" என்று சாதாரணமாகக் கேட்டான். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

4

வண்டி பார்க்கப் போவதும் எங்களுக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரிதான். அண்ணன் முதல் ஜீப் எடுத்தபோது ஷோரூமுக்கு ஒன்பது பேர் போனார்கள். மாமா பானெட்டைத் திறக்கச் சொல்லி, என்ஜினை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

இங்கே மாமாவுக்குப் பதில் தங்கராஜ். மார்த்தாண்டத்துக்காரன், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், என் வயது. நாங்கள் இருவரும் சத்தமாகப் பேசினால் தமிழ்க் கடையில் இலங்கை அண்ணன்மார் "நீங்கள் கேரளாவோ?" என்று கேட்பார்கள். தங்கராஜ் அதற்கு "இல்ல சேட்டா" என்று பதில் சொல்லி இன்னும் குழப்புவான்.

ஷோரூமுக்கு நான், கலா, தங்கராஜ், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் எல்லோரும் போனோம். அபி வரவில்லை. விற்பனை செய்கிற இளைஞர் மரியாதையாகக் கேட்டார், இதில் வாங்கப்போகிறவர் யார் என்று. ஆளுக்கு ஒருவரைக் காட்டினோம்.

சோதனை ஓட்டத்துக்கு வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்ததும் கலா கைப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். அந்த இளைஞர் ஓடிவந்தார். யாருடைய பையிலிருந்தோ பழம் உருண்டுவிட்டது என்று நினைத்து, குனிந்து பொறுக்கி, பனியைத் துடைத்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கலா நன்றி சொல்லி வாங்கி, மறுபடியும் வைத்தாள்.

"எட்டி கலா, வாங்காத வண்டிக்கு யாராவது பழம் வைப்பினுமா?" என்றான் தங்கராஜ்.

"வாங்குதோமோ இல்லியோ, ஏறுதோம்லா அண்ணா."

அந்த இளைஞரிடம் தங்கராஜ் ஆங்கிலத்தில் விளக்கினான்: இது எங்கள் நாட்டு டயர் பரிசோதனை. அவர் தலையாட்டினார். பழம் நசுங்கியதும் டயரைக் கவலையோடு பார்த்தார்.

ஓட்டியது கலா. நான் மூன்றாம் வரிசையில் ஏறிக்கொண்டேன். "கால் நீட்ட இடம் இருக்கான்னு பாக்கணும்" என்றேன். அடுத்த ஷோரூமிலும் கலா ஓட்டினாள், நான் மூன்றாம் வரிசை. மூன்றாவதிலும் அப்படியே. முழங்கால் மோவாயில் இடிக்க, பின்கண்ணாடி வழியாக ஓடிப்போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரோடு விலகிப் போவதைப் பார்ப்பது எவ்வளவோ நிம்மதி.

ஒருமுறை தங்கராஜும் என் பக்கத்தில் சிக்கிக்கொண்டான். பெரிய உடம்பு. மூச்சு வாங்கிக்கொண்டே என் காதில் கேட்டான். "மக்கா, உனக்க வீட்டுல மூணு பேரு. நீ எதுக்குலே எப்பவும் இங்ஙன வந்து குத்தவச்சி இருக்க?"

"இடம் பாக்கேன்."

அவன் என் கையைப் பார்த்தான். முன்னிருக்கையின் முதுகை நான் இறுகப் பிடித்திருந்தேன். வண்டி நின்றதும் முதலில் அவன் இறங்கி, எனக்குக் கைகொடுத்தான்.

5

கடைசியில் கலாவுக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவள், ஜப்பான் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாள். நாங்கள் பார்த்தது இல்லை, அதே கம்பெனியின் ஐந்து பேர் உட்காருகிற வண்டி. மூன்றாம் வரிசை கிடையாது.

"ஏழு பேரு வண்டில்லா பாத்தோம்?"

"நீங்க ஏழு பேரு வண்டி பாத்திய. நான் நம்ம வீட்டுல இருக்க ஆள எண்ணிப் பாத்தேன்."

வண்டி வந்து வாசலில் நின்றது. சாம்பல் நிறம். நல்ல வண்டிதான். பக்கத்தில் வேறு வண்டி வந்தால் கண்ணாடியில் சின்ன விளக்கு எரியும். இருக்கை சூடாகும். அண்ணன் படம் கேட்டான், நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற மாதிரி. என்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து, சிரித்து, அபியை எடுக்கச் சொன்னேன். எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் உடனே வீட்டுக்குள் போய்விட்டாள். படம் ஊரில் எல்லோருக்கும் போயிற்று. 'துரை மாதிரி இருக்கான்' என்று அத்தை சொன்னதாக அண்ணன் சொன்னான்.

வண்டியைக் கலா ஓட்டினாள். நான் காலையில் அதன் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

6

நேர்காணல் நாளில் கலாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் எனக்கு லேசாகக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸுக்குக் காய்ச்சல் தெரியாதா?

தங்கராஜிடம் கேட்டேன். எங்கள் வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு அபியைக் கூட்டிப்போக வேண்டும், நானும் கூட வருவேன்.

"புது வண்டி எடுத்துட்டு டிரைவர் வேலைக்கு என்னைய வைக்கியா மக்கா? தொப்பி உண்டுமா?" என்று சிரித்தான். ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான்.

அபி கோட்டும் பூட்ஸும் போட்டு வாசலில் தயாராக நின்றாள். தங்கராஜ் என்னிடம் சாவி வாங்கியதைப் பார்த்தாள்.

"அங்கிள், நீ போ. நான் பஸ்ல போறேன்" என்றாள்.

அப்பா அம்மாவைத் தவிர மற்றவர்களிடம் அவளுக்கு நீயும் நீங்களும் ஒன்றுதான். தங்கராஜ் என் பக்கம் திரும்பினான். "கேட்டியா? வெளுப்பாங்காலத்துல எழும்பி வந்தவன 'நீ போ'ங்குதா உனக்க மவ."

"பஸ்ஸு அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது மக்ளே" என்றேன்.

"பரவால்ல."

"என்ன பரவால்ல? இதுக்குத்தான இவ்வளவு படிச்ச?"

பூட்ஸோடு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேசியது தமிழில். அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"எனக்கு அங்க போக வேண்டாம் அப்பா. இங்கயே படிக்கிறேன்."

"ஏன்?"

"நான் சொன்னதாலதான வண்டி சுத்திச்சு?"

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"நான் ஹாஸ்டல் போறேன்னு சொன்னேன். நீங்க என்னைப் பாத்தீங்க. உடனே சுத்திச்சு. அப்புறம் நீங்க கார் ஓட்டவே இல்ல. என்கூட அதைப் பத்திப் பேசவும் இல்ல. அம்மாகிட்ட கூட நான் கார்ல பேசறதில்ல, தெரியுமா? பேசினா மறுபடி ஏதாவது ஆகும்னு."

பதினேழு வயதுப் பிள்ளை. நான் மோதல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை இரவுகளிலும் அடுத்த அறையில் இதை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டதும், படம் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடியதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அது பனி மக்ளே. நீ வாயத் தொறக்கலேன்னாலும் சுத்தியிருக்கும்."

"அப்ப ஏன் ஓட்ட மாட்டேங்கறீங்க?"

சொல்வதற்கு எவ்வளவோ காரணங்களை நான் சேர்த்து வைத்திருந்தேன். காற்றுப்பை, டயர், பெட்ரோல், மூன்றாம் வரிசை.

"பயமா இருக்கு" என்றேன். "ஸ்டியரிங்கத் தொட்டா கை நடுங்குது."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கா?"

"ஆமா."

"நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் அழுதாள். குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து அழுதாள். அடுக்களை வாசல்வரை வந்த தங்கராஜ் சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

இனி நான் என்ன சொன்னாலும் பயன் இல்லை என்று தெரிந்தது. பனிதான் காரணம் என்பதை வாயால் சொல்லி அவளை நம்பவைக்க முடியாது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். வாசலில் தங்கராஜிடம் கை நீட்டினேன். அவன் சாவியைத் தந்தான்.

"நான் எனக்க வண்டியில பின்னால வரட்டா மக்கா?"

"வேண்டாம்."

"பைய போ, கேட்டியா. நேரம் கெடக்கு."

7

அபி முன்னிருக்கையில் ஏறினாள். பின்னால் உட்காரச் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். என் கை நடுங்கியது. அவள் அதைப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை.

நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத் தடத்தில் போனேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. பனி உருக உப்புத் தூவிய ரோடு வெளுத்துக் கிடந்தது. நாங்கள் சுழன்ற இடம் வந்தது. தடுப்புக் கம்பியில் ஒரு பகுதி மட்டும் புதிதாக மாற்றியது, மற்றதைவிடப் பளபளப்பாக இருந்தது. கடந்து போனோம்.

கொஞ்ச தூரம் போனதும் அபி கேட்டாள், "அப்பா, பேசலாமா?"

"பேசு" என்றேன். "எல்லாத்தையும் சொல்லு."

முதலில் மெதுவாகத்தான் தொடங்கினாள். என்ன படிக்கப்போகிறாள், ஏன் அதைப் படிக்க ஆசை, நேர்காணலில் என்ன கேட்பார்கள், விடுதி அறையில் யாரோடு தங்க வேண்டியிருக்கும், அங்கே சோறு எப்படி இருக்குமோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குப் போய், என் முகத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழுக்கு வந்தாள். அன்று காரில் சொல்ல வாயெடுத்த பதிலை நான் இடையில் சொன்னேன். நீ போகிறது எனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் போ என்றேன். "ம்" என்றாள். மறுபடியும் பேசினாள்.

ஒரு ஊர்ப் பலகை தாண்டிய பிறகு பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. என்ன ஆயிற்றோ என்று பதறினேன். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

நிதானமான மூச்சு கேட்டது. நான் ஓட்டுகிற வண்டியில், என் பக்கத்தில், அவள் தூங்கிவிட்டிருந்தாள்.